மாரிகாலத்து அடுப்படி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சு)

குளிர்காலத்தைப் பாடிய பழந்தமிழ் நூல் எது என்று கேட்டால் பலரும் நெடுநல்வாடையைத்தான் சொல்வார்கள். வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை மேட்டு நிலத்துக்குச் சாய்த்துச் சென்ற இடையர்கள் கொள்ளி நெருப்பிலே கை காய்வதையும், மாடங்களிலே தடவு நெருப்பு மூட்டுவதையும் நக்கீரர் கண்முன் நிறுத்துகிறார். ஆனால் அடுப்படிக்குள் அவர் அதிகம் நுழையவில்லை. நுழைந்தவர் சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார். (இந்த நல்லூர் எங்கள் நல்லூர் அல்ல, இடைக்கழி நாட்டு நல்லூர்.) கூரை விழுந்த அட்டில், கறையான் அரித்த சுவரிலே காளான் பூத்திருக்கிறது. குட்டி போட்ட நாய், பால் வற்றிய மடியைக் குட்டிகள் பற்றும்போது வேதனையால் குரைக்கிறது. வீட்டுப் பெண் குப்பைமேட்டிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு கதவை அடைக்கிறாள். பார்ப்பவர்கள் இளக்காரமாக நினைப்பார்களே என்ற நாணம். கதவடைத்த பிறகுதான் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

அந்த அடைத்த கதவைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அயலிலே முளைப்பதைக் கொண்டு வீட்டிலே சமைப்பது பெருமையா, வெட்கமா என்ற கேள்வி யாழ்ப்பாணத்து மாரிகாலத்திலும் நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது.

எங்கள் மண்ணிலே உறைபனி கிடையாது. மார்கழி விடியற்புறம் வெப்பம் இருபத்திரண்டு பாகை அளவுக்கு இறங்கினாலே போர்வை தேடுகிறவர்கள் நாங்கள். ஆனால் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து கொண்டால், குடாநாட்டு அடுப்படிக்கு அதுவே குளிர்காலம். வெளியே வயல் பச்சைப் பசேலென்று நிற்கும். உள்ளே நெற்குதிரின் அடி தெரியும். மழையை நம்பி ஆண்டுக்கு ஒருபோகம் விதைத்து, தை மாசியிலே வெட்டுகிற நிலம் இது. ஆகவே பயிர் செழித்து நிற்கும் மாதங்களே வீட்டில் அரிசி குறைகிற மாதங்கள். வடகடலும் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். வள்ளம் கரையேறிவிட்டால் பரவைக்கடல் றாலும் சிறுமீனும் கருவாடுந்தான் கதி.

இந்தப் பற்றாக்குறையை எம்மவர்கள் சமாளித்த விதம் வியப்புக்குரியது. மாரிச் சமையல் மாரியிலே தொடங்குவதில்லை. அது முந்திய மாசி வெயிலிலே தொடங்குகிறது. ஆவணி புரட்டாதியில் பொறுக்கிய பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி, மழையிலே முளைக்கவிட்டு, தைக்குப் பின் கிண்டிக் கிழங்கு எடுப்பார்கள். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். சித்திரையிலே உதிரும் வேப்பம்பூ வடகமாகும். கத்தரியும் பாகலும் வற்றலாகும். பனம்பழக் களி பாயிலே காய்ந்து பனாட்டாகும். கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் ஊமலைக் கூட எறிவதில்லை. ஊமல், பாளை, கங்குமட்டை, காவோலை எல்லாம் மழைக்கு முன்பே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்துவிடும். ஈரவிறகோடு மல்லுக்கட்டிக் கண் கலங்கியவர்களுக்கு ஊமல் நெருப்பின் அருமை தெரியும்.

இனி வேலிக்கு வருவோம். முதல் மழை விழுந்து சில நாளில் வேலியிலே முசுட்டை படரும். அதன் இலையைச் சுருட்டி மெல்லிதாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு வறை வறுத்தால் அந்தக் கசப்பும் வாசமும் வேறொரு கீரைக்கு வராது. முல்லை, தூதுவளை, தவசிமுருங்கை என்று கிடைத்ததையெல்லாம் பச்சையரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இலைக்கஞ்சி காய்ச்சுவதும் உண்டு. தடிமன் பிடித்தவனுக்கு அது மருந்து, பிடிக்காதவனுக்குச் சாப்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒடியற்கூழ். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றிக் கசப்பை எடுத்து, புளி கரைத்து, அரைத்த செத்தல் மிளகாய் கூட்டி, மீன், நண்டு, றால், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை என்று கைக்கு வந்ததைப் போட்டுக் காய்ச்சுவது. மழைப் பொழுதிலே எல்லோரும் சுற்றி இருந்து, பனையோலைப் பிளாவிலே ஊற்றி உறிஞ்ச வேண்டும். தனியே ஒருவருக்குக் கூழ் காய்ச்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதிலே ஒரு வேடிக்கை: ஆதிகாலத்து உணவு என்று நாம் மார்தட்டும் இந்தக் கூழில் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கப்பலேறி வந்த விருந்தாளிகள். வந்தவற்றையும் தனதாக்கிக்கொள்ளும் அடுப்படியே உயிருள்ள அடுப்படி என்பேன்.

கூழுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆள் கூடினால் தண்ணீரும் கூடும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலே நனைந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். ஓர் அடுப்பிலே பல குடும்பங்கள் முறைவைத்துச் சமைத்த மாரி அது. அதற்கு முன்பே, 1990 தொடக்கம் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரிதாகியிருந்தன. ஜாம் போத்தலிலே திரி போட்டு விளக்கெரித்தார்கள், பனங்களியாலே உடுப்புத் தோய்த்தார்கள், சீனியில்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். அப்போது யாரும் கதவடைத்து உண்ணவில்லை. எல்லோருடைய சட்டியிலும் இருந்தது ஒன்றுதானே! ஆனால் அந்தச் சமையலை மனம் விரும்பிச் செய்தது என்று இன்று இனிப்பாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கட்டாயத்தினாலே உண்டதும் காதலினாலே உண்டதும் நாக்குக்கு ஒன்றல்ல. 2022 இல் எரிவாயுவுக்கு நாடு முழுவதும் வரிசையிலே நின்றபோது விறகடுப்பு மீண்டும் புகைந்ததும் காதலினாலல்ல.

இன்று நிலைமை தலைகீழ். ஏழையின் உணவென்று ஒதுக்கப்பட்ட கூழ் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் உணவகப் பட்டியலில் ஏறிவிட்டது. நல்லது. ஆனால் உணவகத்துக் கூழை விலைகொடுத்து வாங்கலாம், முசுட்டை வேலியை வாங்கமுடியுமா? உயிர்வேலி போன இடத்திலே மதில் எழுந்திருக்கிறது. சீமெந்து மதிலிலே முசுட்டைக்குப் பிடிகொம்பு ஏது? போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனை! ஒரு பனை பலன்தரப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஆடிக்கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாட்டுத் தந்தார். பனையின் பயன்களைத் தாலவிலாசத்திலே பாடினார். ஆடிப்பிறப்பு என்றதும் அவருடைய பாட்டுத்தான் பிள்ளைகள் வாயில் வருகிறது. மார்கழி மழையிலே ஊமல் நெருப்பின் முன் குந்தியிருந்து, குதிரின் அடியைச் சுரண்டியவாறே பத்துப் பேருக்குக் கூழ் காய்ச்சிய பெண்ணுக்கு அப்படியொரு பாட்டு வாய்க்கவில்லை. எங்கள் சிறுகதைகளிலும் அவள் தேநீர்க் கோப்பையோடு வந்து மறைகிறவளாகவே பெரும்பாலும் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தவை நுட்பமானவை. கசப்பு நீங்க எத்தனை தண்ணீர் மாற்ற வேண்டும், மா கரைத்து ஊற்றும்போது எந்தப் பதத்திலே கொள்ளியை வெளியே இழுக்க வேண்டும், எந்த மழைக்குப் பிறகு முசுட்டை இலை முற்றும் என்பன அச்சிட்ட சமையற் புத்தகங்களில் அகப்படுவதில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டு அம்மம்மாவோ அப்பாச்சியோ இருந்தால், இந்த மாரியிலே அவர்களுக்குப் பக்கத்திலே ஒரு கொப்பியோடு இருந்து இவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். அளவு கேட்டால் "கைக்கணக்கு" என்பார்கள். அந்தக் கையை ஒருதரம் உலையிலே போடாமல் கிண்ணத்திலே போடச் சொல்லி அளந்துகொள்ளுங்கள்.