முதல் நேர்காணலும் பத்தாம் வகுப்புப் பாடமும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னணுச் சுற்றுப் பலகைகளை வடிவமைப்பது என் தொழில். அதோடு சேர்ந்த இன்னொரு வேலை, படிப்பை முடித்துவிட்டு ஹார்டுவேர் பொறியாளர் பணிக்கு வரும் இளைஞர்களை நேர்காணல் செய்வது. அங்கே நான் கேட்கும் கேள்விகளில் நான்கினை இன்று உங்கள் முன் வைக்கிறேன். பொறியியல் கல்லூரியில் பேச வேண்டியதைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஏன் பேசுகிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். கேள்விகளைக் கேட்டால் காரணம் விளங்கிவிடும்.

முதல் கேள்வி. 5 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கை எரிய வைக்க வேண்டும். விளக்கின் இரு முனைகளுக்கிடையே 2 வோல்ட் இருக்கும். 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போதும். எத்தனை ஓம் மின்தடையைத் தொடராக இணைப்பீர்கள்?

5-இல் 2 போனால் மீதி 3 வோல்ட். அதை 0.01 ஆம்பியரால் வகுத்தால் 300 ஓம். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் உள்ள ஓம் விதிதான் இது. நான்கு ஆண்டு பொறியியல் படித்தவர்களுக்கு இது எளிது என்று நினைப்பீர்கள். ஆனால் பலர் இங்கேயே தடுமாறுகிறார்கள். சிலர் விளக்கின் 2 வோல்ட்டைக் கழிக்க மறந்து 500 ஓம் என்கிறார்கள். இன்னும் சிலர் மில்லியை மறந்து, 3-ஐ 10-ஆல் வகுத்து, 0.3 ஓம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கிறார்கள்.

கணக்கில் தவறு வருவது இயல்பு. அதற்காக நான் யாரையும் ஒதுக்குவதில்லை. அந்த விடையைப் பார்த்து அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லையே என்பதுதான் என் கவலை. 0.3 ஓம் போட்டால் 10 ஆம்பியர் பாயும். வீட்டில் 2,000 வாட் கீசர் இழுப்பதே சுமார் 9 ஆம்பியர்தான். கடுகு போன்ற ஒரு விளக்குக்குள் கீசரின் மின்னோட்டம் போகுமா? இப்படிக் கேட்டதும் உடனே சிரித்துத் திருத்திக்கொள்பவர்கள் உண்டு. கேட்ட பிறகும் விழிப்பவர்கள் உண்டு. இந்த அளவுணர்வு கல்லூரியில் வருவதில்லை. இடமதிப்பும் தசமமும் சொல்லித்தரும் தொடக்கப் பள்ளி வகுப்பில்தான் வருகிறது.

விடை 300 என்று சரியாகச் சொன்னவரிடம் அடுத்துக் கேட்பேன்: “என் பெட்டியில் 270 ஓமும் 330 ஓமும்தான் இருக்கின்றன. எதை எடுப்பீர்கள்?” பெரும்பாலும் அமைதி. தேர்வில் ஒரே ஒரு சரியான விடையைத் தேடிப் பழகியதன் விளைவு அது. 330 போட்டால் சுமார் 9 மில்லி ஆம்பியர், 270 போட்டால் சுமார் 11 மில்லி ஆம்பியர். இரண்டிலும் விளக்கு நன்றாகவே எரியும். கடையில் வாங்கும் மின்தடையே 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஏன் எடுத்தார் என்ற காரணம்தான் எனக்கு வேண்டும்.

இரண்டாவது கேள்வி. 5 வோல்ட்டுக்குக் குறுக்கே இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகள் தொடரிணைப்பில் உள்ளன. நடுப்புள்ளியில் எவ்வளவு? 2.5 வோல்ட் என்று எல்லோரும் சொல்வார்கள். “இரண்டையும் எடுத்துவிட்டு ஆளுக்கு 10 மெகா ஓம் போடுகிறேன். இப்போது?” அதே 2.5 என்பார்கள். சரிதான். “ஆனால் என் மல்டிமீட்டர் 1.67 காட்டுகிறதே?” மீட்டர் பழுது என்பதுதான் பலரின் பதில்.

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டருக்குள்ளும் 10 மெகா ஓம் அளவுக்கு ஒரு மின்தடை உண்டு. நாம் அளக்கும்போது அது கீழ் மின்தடைக்குப் பக்க இணைப்பில் சேர்கிறது. இரண்டு 10 மெகா ஓம் பக்க இணைப்பில் 5 ஆகிவிடும். ஆகவே 15-இல் 5 பங்கு, அதாவது 1.67 வோல்ட். தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்ற இரண்டு பள்ளிப் பாடங்களைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை. அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் உறுப்பு என்பதை மட்டும் யாரோ ஒருவர் அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி. பலகையில் ஒவ்வொரு ஐ.சி.யின் பக்கத்திலும் 100 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைக்கிறோமே, எதற்கு? “சர், எல்லாச் சுற்றிலும் அப்படித்தான் இருக்கும்” என்ற பதில் அடிக்கடி வரும். ஒரு மாணவி, தமிழ் வழியில் படித்தவர், இப்படிச் சொன்னார்: “மாடியில் தொட்டி இருந்தாலும் அடுப்படியில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்போம் சார். அவசரத்துக்கு அதிலிருந்து மொண்டுகொள்வோம். குழாயில் தண்ணீர் வந்து குடம் நிரம்பிவிடும்.” ஐ.சி. நொடியின் மிகச் சிறு பகுதியில் திடீரென மின்னோட்டம் கேட்கும். தூரத்திலுள்ள மின்வழங்கியிலிருந்து நீண்ட தடம் வழியாக அது உடனே வந்து சேராது. பக்கத்திலுள்ள மின்தேக்கி கொடுத்து உதவும். அந்த மாணவியின் விளக்கத்தைவிடச் சிறந்ததை நான் இதுவரை கேட்டதில்லை.

ஆனால் அதே மாணவி, முதல் கேள்வியில் “ரெசிஸ்டன்ஸ்” என்ற சொல்லுக்குப் பதில் “மின்தடை” என்று நாவில் வந்ததற்காகக் கூசிப்போய்ப் பேச்சை நிறுத்திவிட்டார். தமிழிலேயே சொல்லுங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் தொடர்ந்தார். எல்லா மேசையிலும் அப்படிச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள். கருத்து தெரிந்தும் வேலையை இழந்து போகிறவர்கள் நம் பிள்ளைகள். எனவே ஒரு வேண்டுகோள். பாடத்தைத் தமிழில் ஆழமாக நடத்துங்கள். கூடவே மின்தடை என்றால் ரெசிஸ்டன்ஸ், மின்தேக்கி என்றால் கெப்பாசிட்டர் என்று இரண்டு சொல்லையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் பழக்குங்கள்.

நான்காவது கேள்வி. பலகை வேலை செய்யவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்? இதற்குச் சூத்திரம் இல்லை. கண்ணால் பார்ப்பேன், கருகிய வாடை வருகிறதா என்று முகர்வேன், மின்சாரம் வருகிறதா என்று அளப்பேன், பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துச் சோதிப்பேன் என்று வரிசையாகச் சொல்பவர் தேறிவிடுவார். “ஐ.சி.யை மாற்றுவேன்” என்று தொடங்குபவர், காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் மருந்தை மாற்றுபவர் போன்றவர். விடை தெரியாதபோது “தெரியாது, ஆனால் இப்படிக் கண்டுபிடிப்பேன்” என்று சொல்லும் துணிவையும் இந்தக் கேள்வியில்தான் பார்க்கிறேன். தெரியாது என்றால் அடியோ கேலியோ கிடைத்த வகுப்பிலிருந்து வந்தவருக்கு அந்தத் துணிவு எளிதில் வராது.

வகுப்பறையில் செய்யக்கூடிய ஒரு செயல்பாட்டைச் சொல்கிறேன். இரண்டு டார்ச் செல்கள், ஒரு சிவப்பு எல்.இ.டி., 100, 330, 1,000 ஓம் மின்தடைகள் மூன்று. செலவு மிகக் குறைவு. வீட்டு மின்சாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. ஒவ்வொரு மின்தடையையும் இணைப்பதற்கு முன், விளக்கு எதில் அதிகமாக எரியும், எதில் மங்கும் என்று மாணவர்கள் காரணத்தோடு நோட்டில் எழுதட்டும். ஏறத்தாழ 10, 3, 1 மில்லி ஆம்பியர் என்று வரும். பிறகு இணைத்துப் பார்க்கட்டும். ஊகித்ததும் கண்டதும் ஒத்துப்போகாத இடத்தில் நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள். அந்த ‘ஏன்’தான் பிற்காலத்தில் நான் கேட்கப்போகும் கேள்வி.

தொடக்கப் பள்ளிக்கு மின்சாரமே தேவையில்லை. வகுப்பறையின் நீளம் எத்தனை மீட்டர், ஒரு வாளியில் எத்தனை குவளை என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு அளக்கச் சொன்னால் போதும். 0.3 ஓமைப் பார்த்துப் புருவம் உயர்த்தும் பழக்கம் அந்த வாளியிலிருந்து தொடங்கிவிடும்.

ஓம் விதியைத் தந்த கியோர்க் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளியின் ஆய்வகக் கருவிகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக இல்லாததால், ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்த வெப்ப இரட்டையைப் பயன்படுத்தினார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அளந்து, 1827-இல் தம் நூலை வெளியிட்டார். அவருடைய நாட்டில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1841-இல்தான் இலண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளே பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இன்று ஒவ்வொரு நேர்காணலிலும் நான் கேட்கும் முதல் கேள்வி, பள்ளி ஆய்வகத்தில் ஓர் ஆசிரியர் அளந்து பார்த்ததிலிருந்து வந்தது.

உங்கள் வகுப்பிலிருந்து வரும் பிள்ளை என் எதிரில் அமரும்போது, விடையைச் சொல்லிவிட்டு, “இது சரியாக இருக்குமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன் சார்” என்று சொன்னால் போதும். மீதியை நாங்கள் கற்றுத்தந்துவிடுவோம்.