கையில் அடங்கிய மதியபோசனம்



சான் பிரான்சிஸ்கோ நகரிலே மிஷன் என்றொரு பகுதி உண்டு. மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியோர் நெடுங்காலமாக வாழும் இடம் அது. நண்பகலில் அவ்வீதிகளில் நடப்போர், மாட்டிறைச்சி சுடும் மணத்தைக் கடந்து செல்லுதல் அரிது. கடைகள் சிறியவை, மேசைவிரிப்பு இல்லை, பரிசாரகரும் இல்லை. நீண்ட மேடையின் முன் வரிசையில் நின்று, வேண்டியதைச் சொன்னால், அலுமினியத் தாளிற் சுற்றிய கனமானதோர் உருளை கைக்கு வந்து சேரும். அதுவே புரிற்றோ. அந்நகரிற் சில நாள் தங்கியிருந்தபோது, சுட்ட மாட்டிறைச்சி வைத்த புரிற்றோவை மூன்று கடைகளில் உண்டு பார்த்தேன். அவ்வனுபவம் எனக்குக் கற்பித்த ஒன்றையே இன்று கூற விரும்புகிறேன்.

'புரிற்றோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்குச் 'சிறு கழுதை' என்பது பொருள். 1910 இல் தொடங்கிய மெக்சிக்கோப் புரட்சியின் காலத்தில், எல்லைப்புற நகரமாகிய சியுதாத் ஹுவாரெசில் ஒருவர் கழுதைமேல் உணவேற்றி விற்றார் என்றும், அதனால் இப்பெயர் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை இனியதுதான், ஆனால் காலம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1895 இல் வெளிவந்த மெக்சிக்கோச் சொல்லகராதி ஒன்றிலேயே இச்சொல் காணப்படுகிறது. இறைச்சியோ வேறொன்றோ உள்ளே வைத்துச் சுருட்டிய தொர்த்தியா என்று அது பொருள் கூறுகிறது.

தொர்த்தியா என்பது மெல்லிய ரொட்டி. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்துத் தட்டுவதே மெக்சிக்கோவின் பழைய முறை. ஸ்பானியர் கோதுமையைக் கொணர்ந்தது 16 ஆம் நூற்றாண்டில். சொனோரா முதலிய வடபகுதிகளில் அது நன்கு விளைந்தது. சோளமாவுக்கு இல்லாத ஓர் இயல்பு கோதுமைமாவுக்கு உண்டு. இழுத்தால் அது நீளும். ஆதலால் அகலமாகத் தட்டலாம், மடித்தாலும் வெடிக்காது. ஒரு வேளை உணவு முழுவதையும் ஒரு ரொட்டிக்குள் அடக்குதல் இதனால் இயல்வதாயிற்று.

1942 முதல் 1964 வரை, மெக்சிக்கோவிலிருந்து தொழிலாளரை ஒப்பந்த முறையில் அமெரிக்க வயல்களுக்கு அழைக்கும் ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருந்தது. ஏறத்தாழ 46 இலட்சம் ஒப்பந்தங்கள் அதன்கீழ் எழுதப்பட்டன. உழைக்கச் சென்ற மக்களோடு அவர்களுடைய உணவும் சென்றது. மிஷன் பகுதியிலோ அது பெரிதாக வளர்ந்தது. 1961 இல் தாமே முதன்முதல் விற்றதாக எல் பாரோ என்னும் கடையினர் கூறுவர். 1969 இல் தாமே தொடங்கியதாக லா கும்ப்ரே கடையினர் கூறுவர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ரொட்டியை ஆவியில் வாட்டி, சோறு, அவரை விதை, இறைச்சி, தக்காளியும் மிளகாயும் சேர்ந்த சட்னி ஆகியவற்றை வைத்துச் சுருட்டுதல் அங்குள்ள முறை.

முதலில் நான் சென்ற கடையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே நறுக்கிய இறைச்சி, வெந்நீரின் மேல் வைத்த தட்டிற் கிடந்தது. நெருப்பின் வாசனை அதை விட்டு அகன்று வெகுநேரமாயிற்று. மென்றால் கயிறு போன்றிருந்தது. உருளையின் பெரும்பகுதி சோறே. சட்னி நீர் அடியில் தேங்கி ரொட்டியை நனைத்துவிட, இறுதிக் கவளம் என் சட்டைக்கையிலேயே முடிந்தது.

இரண்டாவது கடையில் இறைச்சி என் கண்முன்னே சுடப்பட்டது. மாட்டின் நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மெல்லிய தசையை இதற்குப் பெரிதும் விரும்புவர். நீண்ட நார்களால் ஆனது அது. தேசிக்காய்ச் சாறு, பூண்டு, மிளகாய் ஆகியவற்றில் ஊறவைத்து, கடுந்தழலில் விரைவாகச் சுட்டு, சற்றே ஆறவிடுகின்றனர். பின்னர் நாரின் போக்குக்குக் குறுக்கே வெட்டுகின்றனர். நெடுக வெட்டினால் நீண்ட நாரைப் பல்லால் அறுக்கவேண்டும். குறுக்கே வெட்டினால் அவ்வேலையைக் கத்தியே செய்துவிடுகிறது. அக்கடையிற் சோறு வைப்பதில்லை. லா தக்கெரியா என்னும் புகழ்பெற்ற கடையிலும் இதுவே வழக்கம். இறைச்சியின் சுவை ஒவ்வொரு கவளத்திலும் இருந்தது. சோறு சேர்ப்பது வெறும் ஏமாற்று என்று அன்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அத்தீர்ப்பை மூன்றாவது கடையில் மாற்ற நேர்ந்தது. என் எதிரே ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். கைவிரல்களில் வெள்ளைச் சாயம். வீடுகளுக்குச் சாயம் பூசுபவர். சோற்றோடு கூடிய புரிற்றோவை இரண்டாக வெட்டச் செய்து, ஒரு பாதியை உண்டு, மறுபாதியைத் தாளிற் சுற்றிப் பையில் வைத்தார். "சோறில்லாமல் உண்டாற் சுவை மிகுதியல்லவா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஐயா, நீங்கள் சுவை பார்க்க வந்தீர்கள். நான் இரவு எட்டு மணிவரை ஏணியில் நிற்கவேண்டும். இறைச்சி நாவுக்கு, சோறு ஏணிக்கு," என்றார்.

எனக்கு நாணமாயிற்று. என் கையிலிருந்ததை மீண்டும் கவனித்தேன். அதிலும் சோறு இருந்தது. ஆனால் இறைச்சி அப்போதே சுட்டது, குறுக்கே வெட்டியது, நீளம் முழுவதும் பரவியிருந்தது. முதற்கடையின் குற்றம் சோறு வைத்ததன்று. பழுதுபட்ட இறைச்சியைச் சோற்றினால் மறைத்ததே குற்றம். வயிறு நிறைந்தால் போதும், தரத்தைக் கேட்கமாட்டான் என்று உழைப்பவனைப் பற்றி எண்ணியதே குற்றம்.

நேயர்களே, 1993 இல் டென்வர் நகரில் தொடங்கிய சிப்போட்லே போன்ற பெருநிறுவனங்கள் புரிற்றோவைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றுள்ளன. எங்கேனும் அதை உண்ண நேர்ந்தால், உருளையின் பருமனைப் பார்த்து மயங்கவேண்டாம். இறைச்சி எப்போது சுடப்பட்டது, கத்தி எத்திசையிற் செல்கிறது என்று பாருங்கள். அதன்பின், இவ்வுணவு யாருடைய பசிக்காக உருவாயிற்று என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கையால் உண்டுவிட்டு, மறு கையால் வேலையைத் தொடரவேண்டியவனின் உணவு அது. அவனுக்கு நேர்மையாகச் சமைத்த கடையே நல்ல கடை.