கல்லறைக் கல் நாட்டவும் அனுமதி வேண்டும்



இங்கிலாந்தின் பொது இடுகாட்டில் ஒருவர் கல்லறைக்கு இடம் வாங்கினால், அந்த மண் அவருக்குச் சொந்தமாகிவிடாது. நிலம் உள்ளூர் மன்றத்திடமே இருக்கும். அவர் வாங்குவது அங்கே அடக்கம் செய்யும் தனி உரிமையை மட்டுமே.

1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், மாவட்ட மன்றம் முதல் சிற்றூர் மன்றம் வரை இடுகாடு அமைத்து நடத்தும் அதிகாரத்தைத் தந்தது. 1977-இல் வந்த ஆணை அதற்கு விதிகளை வகுத்தது. தனி உரிமையை ஒரு தடவையில் 100 ஆண்டுகள் வரைதான் கொடுக்கலாம், பிறகு நீட்டிக்கலாம். செங்கல் வைத்து நிலவறை கட்டவும், பெயர் பொறித்த கல் நாட்டவும் தனியாக அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றி வைத்த கல்லை மன்றம் அகற்றலாம்.

லண்டனில் இடம் போதவில்லை. அதனால் 2007-இல் இன்னொரு சட்டம் வந்தது. அடக்கம் செய்து 75 ஆண்டுகள் கடந்த பழைய கல்லறைகளை, அறிவிப்புக் கொடுத்தபின், இன்னும் ஆழமாகத் தோண்டி மீண்டும் பயன்படுத்தலாம். உறவினர் மறுப்புச் சொன்னால், 25 ஆண்டுகளுக்கு அந்தக் கல்லறையைத் தொடக் கூடாது.

இறந்தவருக்கு மரியாதை, இருப்பவருக்கு இடம்; இரண்டையும் காப்பது நல்ல நிர்வாகம். இங்கிலாந்தில் உங்கள் உறவினரின் கல்லறை இருந்தால், உரிமைப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். முகவரி மாறினால் மன்றத்துக்கு மறக்காமல் தெரிவியுங்கள். அறிவிப்பு உங்கள் கைக்கு வந்தால்தான் நீங்கள் பதில் சொல்ல முடியும்.