புல்தரை இருந்த இடத்தில் பொடுதலை



சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் வாசலில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் கொரியன் புல் பதித்துவிடுகிறார்கள். பச்சைப்பசேலென்று அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலும், இருபதுக்கு இருபது அடித் தரைக்கு மாதம் சுமார் 5,500 லிட்டர் ஆகிறது. ஒரு சின்ன லாரித் தண்ணீர்! 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. குடத்தோடு ஜனங்கள் வரிசையில் நிற்கிற ஊரில் புல்லுக்கு ஹோஸ் பிடிக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதற்காகச் சிமென்ட் தளம் போட்டுவிடாதீர்கள். அது இன்னும் மோசம். பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடும்.

நம் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் பொடுதலை என்று ஒரு செடி படர்ந்து கிடக்கிறது. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதேதான். குனிந்து பாருங்கள். தண்டு தரையோடு தரையாக ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். சின்ன இலை, நுனிப்பக்கம் பல்பல்லாக வெட்டு. சுண்டுவிரல் நகம் அளவுப் பூங்கொத்து. கருஞ்சிவப்பு நடுவைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் வளையமாக நிற்கும். தேனீக்கள் விடாமல் வரும். வேர் பிடித்துவிட்டால் புல் கேட்கிற அளவு தண்ணீர் கேட்காது. ஓரளவு மிதிபட்டாலும் தாங்கும். இந்தச் செடியிலிருந்து ஜப்பானில் உருவாக்கிய ‘குராப்பியா’ என்ற வகையைத்தான் கலிஃபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாக வாங்கி நடுகிறார்கள். நமக்கோ அது வரப்பில் கிடக்கிறது!

புரட்டாசியில் வேலையைத் தொடங்குங்கள். புல்லை வேரோடு கொத்தி எடுக்க வேண்டும். துண்டு வேர் மிஞ்சினாலும் மறுபடி தலைகாட்டும். மண்ணில் மக்கிய தொழுவுரம் கலந்து, பொடுதலைத் தண்டைக் கணுவோடு கிள்ளி, சாண் இடைவெளியில் ஊன்றுங்கள். வெயில் விழுகிற இடமாக இருக்கட்டும். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்துப் பாத்திக்குள் படராமல் இருக்க ஓரத்தில் செங்கல் பதித்துவிடுங்கள்.

வேலியோரம் ஆவாரையும் கறிவேப்பிலையும் வையுங்கள். இரண்டிலும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். புழு இலையைத் தின்னும். அதற்கு மருந்தடிக்க வேண்டாம்.

பிள்ளைகள் பந்து விளையாட இடம் வேண்டுமா? அந்த அளவுக்கு மட்டும் புல்லை விட்டுவைத்தால் போதும்.