கம்பியில்லாமல் மோட்டார் ஓடுமா?

(உடையார்பாளையத்தில் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மின்கம்பம் தொலைவில் இருக்கிறது. செப்புக் கம்பிச் சுருளைக் கிணற்றடியில் வைத்து, கம்பி இழுக்காமலே மோட்டார் ஓட்டலாமாமே?" என்று முந்திரி பயிரிடும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். பணம் போடுமுன் கேட்டாரே, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

முதலில் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பாருங்கள். 1960களில் திருச்சி வானொலி பரப்பியதால் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. ரேடியோவுக்குள் ஒரு கருப்புக் குச்சியில் சுருள் சுற்றியிருக்கும். அதனுடன் கன்டென்சர் இணைந்திருக்கும். குமிழைத் திருப்பும்போது சுருள் ஒரு நிலையத்தின் அலைக்கு மட்டும் இசைந்து நிற்கிறது. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு ஏற்பத் தள்ளினால் சிறு பிள்ளையின் கையும் போதும் அல்லவா? அதுபோலத்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். மத்திய அலை நிலையம் ஒன்றை வைத்து ரேடியோவை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு திசையில் ஒலி ஓங்கும். வேறொரு திசையில் தேயும். ஆனால் சுருள் பெறுவது மிக நுண்ணிய சக்தி. ஒலிபெருக்கியை இயக்குவது பாட்டரியே.

இவ்வாறு மின்சக்தியையே அனுப்ப டெஸ்லா என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் 1901இல் கோபுரம் கட்டத் தொடங்கினார். பணம் நின்றது, 1917இல் கோபுரம் இடிக்கப்பட்டது. 2007இல் அந்நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், இசைவித்த இரு சுருள்களைக் கொண்டு 2 மீட்டர் தொலைவில் 60 வாட் பல்பை எரித்தனர். அனுப்பியதில் சுமார் 40 சதவீதமே வந்து சேர்ந்தது.

உங்கள் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கோ 3,730 வாட் வேண்டும். மேலும் சுருளை விட்டு விலகிச் சென்றபின், தூரம் இரட்டித்தால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவேதான் இம்முறை செல்போனை மேலே வைத்து சார்ஜ் செய்யவும், கால்நடைகளின் மின்னணு அடையாள வில்லைகளை அருகிலிருந்து படிக்கவும் பயன்படுகிறது. இரண்டிலும் இடைவெளி சிறிது, தேவையும் சிறிது.

ஆகவே விவசாயத் தோழர்களே, தொலைவிலுள்ள கிணற்றுக்குச் சுருள் வாங்கிக் காசை இழக்காதீர்கள். உயர் அழுத்தக் கம்பிகளுக்கு அடியில் சுருள் கட்டிச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து. கம்பம் எட்டாத நிலத்திற்குச் சூரிய சக்தி பம்புசெட்டு ஏற்றதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். யாராவது புதிய கருவியை விற்க வந்தால், "எவ்வளவு தூரத்தில் எத்தனை வாட் தரும்?" என்று கேளுங்கள். அதை உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.