பயிற்சி யாருக்கு?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வேலைவாய்ப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். கிடைத்த வேலையில் பயமில்லாமல் இருப்பதும் அதில் சேர்ந்ததுதானே? அதனால் பணியிடப் பாலியல் தொல்லை பற்றிப் பேசுகிறேன்.

இதற்கான சட்டத்தின் வேர் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ராஜஸ்தானின் பட்டேரியில் அரசுத் திட்ட ஊழியராக இருந்தவர் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாக 1992-ல் புகார் கொடுத்தார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. மகளிர் அமைப்புகள் விடவில்லை. அவர்கள் தொடுத்த விசாகா வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் போட 2013 ஆயிற்று. பதினாறு வருஷம்!

பத்துப் பேர் வேலை செய்யும் இடமென்றால் பெண் தலைமையில் உள்ளகக் குழு வேண்டும். குழு விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். பயிற்சி நடத்த வேண்டும். குழு அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கணும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்.

பயிற்சி எப்படி நடக்கிறது? பல இடங்களில் இங்கிலீஷில் ஸ்லைடு, ஒரு கையெழுத்து, டீ, பிஸ்கட். மெஷினில் நிற்கும் கான்ட்ராக்ட் பெண்ணை யாரும் கூப்பிடுவதில்லை. தீயணைப்புப் பயிற்சி கொடுத்துவிட்டு சிலிண்டர் எங்கே தொங்குகிறது என்று சொல்லாமல் விட்டால் எப்படி? யாரிடம் போய்ச் சொல்வது என்று கடைசித் தொழிலாளிக்கும் தெரிந்தால்தான் அது பயிற்சி.

சரி, பாகூரில் நடவு நடும் பெண்ணுக்கு? வில்லியனூர் ஜவுளிக் கடையில் நாலு பேரில் ஒருத்தியாக நிற்கும் பெண்ணுக்கு? அவர்களுக்காகத்தான் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. கிராமப்புறத்தில் தாலுகாதோறும் ஒரு பொறுப்பு அதிகாரி புகாரை வாங்கி ஏழு நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். வில்லியனூரும் தாலுகா, பாகூரும் தாலுகா. அந்த அதிகாரிகளை நியமிக்கும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. உங்கள் தாலுகாவில் அவர் யார்? இங்கே எத்தனை பேர் சொல்ல முடியும்?

இதைக் கேட்க வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகள். நம் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கோ 2006-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-ல் முடிந்தபின் பத்தாண்டுக்கு மேல் தேர்தலே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்த ஒரே பெண் சந்திர பிரியங்கா. அமைச்சரான அவர், சாதி, பாலினப் பாகுபாட்டைக் காரணம் காட்டி 2023-ல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அவரை முன்பே நீக்கிவிட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. எது எப்படியோ, அமைச்சருக்கே இந்த மனக்குறை என்றால் நடவு நடும் பெண் யாரிடம் போவாள்?

அரசியல் கட்சி பணியிடம் ஆகாது, குழு தேவையில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2025-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஆனால் கட்சிகள் தாமாகக் குழு அமைப்பதை யாரும் தடுக்கவில்லையே! அமெரிக்க காங்கிரசில் 2017-ல் உறுப்பினர்களுக்கே பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். தொல்லை கொடுத்த உறுப்பினர் இழப்பீட்டுத் தொகையைச் சொந்தப் பணத்தில் திருப்பிக் கட்ட வேண்டும் என்று 2018-ல் சட்டமும் வந்தது.

முதலாளி ஹெல்மெட் இல்லாமல் ஷெட்டுக்குள் நடந்தால் தொழிலாளி போடுவானா? சட்டம் போடுகிறவர்தான் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "நீங்க இந்தப் பயிற்சி எடுத்தீங்களா? நம்ம தாலுகா அதிகாரி பேரை ஆபீஸ் வாசல்ல எழுதி வைப்பீங்களா?"

நம் சங்கமும் தமிழிலேயே ஒரு பயிற்சியை இந்த ஆண்டு இரண்டு தாலுகாவிலும் நடத்தலாம் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.