குடும்பத்துக்காகக் கொன்றவன்

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் படக்காட்சிக்குப் பின் ஆற்றிய உரை)



இப்போது நாம் பார்த்தது சார்லி சாப்ளின் 1947-இல் எடுத்த 'மான்சியர் வெர்டூ' என்ற படம். தொளதொள கால்சட்டையும் கைத்தடியுமாக வரும் சாப்ளினைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் நன்றாகச் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். விளக்குப் போட்டதும் முன் வரிசையிலிருந்த ஓர் அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, இவன் நல்லவனா, கெட்டவனா?" அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் தேட வேண்டும்.

படம் ஆங்கிலத்தில் இருந்ததால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெர்டூ பிரான்சு நாட்டில் ஒரு பேங்கு குமாஸ்தா. முப்பது வருஷம் நாணயமாக வேலை பார்த்தவர். 1930-இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்ததும் வேலை போய்விட்டது. வீட்டில் நடக்க முடியாத மனைவி, சின்னப் பையன். அவர் ஒரு 'தொழில்' தொடங்குகிறார். பணமுள்ள, தனியாக இருக்கும் பெண்களைக் கல்யாணம் செய்துகொள்வது, கொல்வது, பணத்தை எடுத்துக்கொள்வது. அந்தப் பணத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. வருமானம் எப்படி வருகிறது என்று மனைவிக்குத் தெரியாது.

முதலில் வரும் தோட்டக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பின்னால் குப்பை எரிக்கும் உலையிலிருந்து மூன்று நாளாகப் புகை. அங்கே எரிவது என்னவென்று நமக்குத் தெரியும். முன்னால் அந்த மனிதர் ரோஜாப்பூ வெட்டுகிறார். வழியில் ஒரு கம்பளிப்புழு. மிதித்துவிடக் கூடாதே என்று மெதுவாக எடுத்து ஓரமாக விடுகிறார். அடுத்து நோட்டு எண்ணுகிறார். அந்த விரல் வேகத்தைப் பார்த்து, கவுண்டரில் உட்காரும் எங்களைப் போன்றவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம் விரலைவிட்டுப் போகுமா?

ஏரியில் படகில் வைத்து ஒரு பெண்ணைக் கொல்லப் போய்த் தானே தண்ணீரில் விழுகிறார். அவளே அவரைக் காப்பாற்றுகிறாள். விஷப் புட்டி இடம் மாறிப்போனதில், குடித்தது தான்தானோ என்று துடிக்கிறார். கைது செய்ய வந்த துப்பறிவாளருக்கு மதுவில் விஷம் கலந்து கொடுத்து, ரயில் பெட்டியிலேயே அவர் செத்ததும் விலங்கைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போகிறார். அந்த இடத்தில் 'தப்பித்துவிட வேண்டுமே' என்று நம் மனது அடித்துக்கொண்டது உண்மையா, இல்லையா? அதுதான் இந்தப் படத்தின் சாமர்த்தியம். கொலைகாரன் பக்கம் நம்மை உட்கார வைத்துவிட்டது.

இது முழுக்கக் கற்பனையும் அல்ல. லாண்ட்ரு என்பவன் முதல் உலகப்போர்க் காலத்தில் பாரிஸ் பக்கத்தில் இப்படித்தான் பத்துப் பெண்களையும், ஒருத்தியின் மகனையும் கொன்றான். 1922-இல் அவன் தலையைக் கில்லட்டின் இயந்திரத்தில் வெட்டினார்கள். அவனை வைத்துப் படம் எடுக்கலாம் என்ற யோசனையைத் தந்தவர் ஆர்சன் வெல்ஸ். வேலை போன குமாஸ்தாவாக அவனை மாற்றியவர் சாப்ளின்.

கடைசியில் வெர்டூ கோர்ட்டில் என்ன சொல்கிறார்? கூட்டம் கூட்டமாகக் கொல்வதற்கு இந்த உலகமே ஆயுதம் செய்கிறது, அதன் எதிரில் நான் வெறும் கற்றுக்குட்டி என்கிறார். இரண்டாம் உலகப்போர் முடிந்து இரண்டே வருஷம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததும் 1945-இல்தான். அமெரிக்காவுக்கு உறைக்காமல் இருக்குமா? பத்திரிகைக்காரர்கள் படத்தை விட்டுவிட்டு அவருடைய அரசியலைக் குடைந்தார்கள். படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். லண்டனில் ஏழையாய்ப் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர் சாப்ளின். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே உழைத்தும், ஏன் குடியுரிமை வாங்கவில்லை என்று கேட்டார்கள். 1952-இல் அவர் கப்பலில் லண்டன் போய்க்கொண்டிருந்தபோது, திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தார்கள். பிறகு 1972-இல்தான் அழைத்து விருது கொடுத்தார்கள். வந்த ஊரில் 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி எப்போது வரும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். வெர்டூ உலகத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை அவர் செய்ததை நியாயமாக்காது. அவரை வேலையைவிட்டு நீக்கியது பேங்கு. அவர் கொன்றது பேங்கு முதலாளியையா? இல்லை. சேமிப்பை வைத்துக்கொண்டு ஒரு துணை கிடைக்காதா என்று ஏங்கிய பெண்களை. மேலிருந்து விழுந்த அடியைக் கீழே இருப்பவர் தலையில் இறக்கினார். அதுவும் வீண். பங்குச் சந்தை சரிந்து பணம் போயிற்று. மனைவியும் மகனும் போனார்கள்.

தோழர்களே, இந்தப் படத்தை நாங்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. கம்பெனி மூடி வேலை போன நம் ஆள் ஒருவர் சீட்டு நடத்தினார். 14 குடும்பங்களின் பணத்தோடு ஊரைவிட்டுப் போனார். அதில் பாதிப் பேர் வீட்டு வேலை செய்யும் தாய்மார்கள். 'அவரிடம் சேருங்கள், நம்பலாம்' என்று சொன்னவர்களில் கமிட்டியில் இருக்கும் நாங்களும் உண்டு. அந்தக் குற்றம் எங்கள் மேலும் இருக்கிறது. இப்போது அவர் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். 'பாவம், பெண்டாட்டி பிள்ளைக்காகத்தானே செய்தார்' என்று சிலர் சொல்கிறீர்கள். 'காலை உடை' என்று சிலர் சொல்கிறீர்கள்.

எங்கள் கருத்து இரண்டும் அல்ல. அவர் வரட்டும். பணம் இழந்த தாய்மார்கள் முன்னால் உட்காரட்டும். ஒவ்வொருவரின் கணக்கையும் அவர் வாயாலேயே வாசிக்கட்டும். மாதாமாதம் திருப்பிக் கட்டட்டும். போலீசுக்குப் போவதா என்பதை அந்தத் தாய்மார்களே முடிவு செய்யட்டும். அது அவர்கள் உரிமை, கமிட்டியின் உரிமை அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வேலை போன அன்று நம்மில் எத்தனை பேர் அவர் வீட்டுக்குப் போனோம்? வெர்டூவுக்குச் சங்கம் இல்லை. வேலை போனது அவர் ஒருவருக்கு வந்த கஷ்டமாகவே இருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியும் அவர் ஒருவருக்கு மட்டுமான வழி. நமக்குச் சங்கம் இருக்கிறது. இருந்தும் அன்று நாம் போகவில்லை. வேலை இழந்த குடும்பத்துக்கு மூன்று மாத அரிசியும் பள்ளிக் கட்டணமும் கொடுக்க ஒரு நிதி வேண்டும். அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களும் வருகின்றன. தாய்மார்கள் கட்டாயம் வந்து பேச வேண்டும்.